ஏற்காடு மலைப்பாதையில் நெடுந்தூர ஓட்டம்: டைப் 1 நீரிழிவு உள்ளவர் சர்க்கரையை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

அடிவாரத்து ஓட்டக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 31 வயது. பள்ளியில் படிக்கும்போதே டைப் 1 நீரிழிவு (கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும் வகை) வந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்குக் கிளார்ஜின் என்னும் நீண்டநேர இன்சுலின் 18 யூனிட் போடுகிறேன். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் அஸ்பார்ட் என்னும் விரைவு இன்சுலின் பேனா ஊசி. மேல்கையில் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் ஒட்டியிருக்கிறேன். சேலத்துச் சமதளத்தில், காந்தி விளையாட்டரங்கிலும் மூக்கனேரிக் கரையிலும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை பெரிய தொல்லை இல்லாமல் ஓடிவிடுகிறேன். அடிவாரத்தில் தொடங்கி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காடு ஏரி வரை ஓடியே போய்ச் சேர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தூரம். சேலத்தின் 280 மீட்டர் உயரத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் மேலே ஏற வேண்டும்.

இதற்காக அந்தப் பாதையில் பகுதி பகுதியாகப் பயிற்சி எடுத்து வருகிறேன். அங்கேதான் எனக்குப் புரியாத ஒன்று நடக்கிறது. மாலையில் நான்கு மணிக்குக் காப்பியும் பன்னும் சாப்பிட்டு, அதற்கு 4 யூனிட் அஸ்பார்ட் போட்டு, ஐந்தேகால் மணிக்குச் சர்க்கரை 165 இருக்கும்போது ஓடத் தொடங்கினால், ஒன்பதாவது வளைவை எட்டுவதற்குள் 62க்கு இறங்கிவிடுகிறது. அதே பாதையில் விடியற்காலையில் எதுவும் சாப்பிடாமல், ஊசியும் போடாமல் 130 அளவில் தொடங்கினால், முக்கால் மணி நேரத்தில் 195க்கு ஏறிவிடுகிறது. பாதையும் கால்களும் ஒன்றாகவே இருக்க, சர்க்கரை மட்டும் காலையில் ஒரு திசையிலும் மாலையில் எதிர்த் திசையிலும் போவது ஏன்?

இன்னொன்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீண்ட ஓட்டம் முடித்தால், பகல் முழுவதும் நன்றாக இருந்துவிட்டு, அன்றிரவு இரண்டு மணி வாக்கில் சென்சார் அலறுகிறது. பதினைந்து மணி நேரத்துக்கு முன்பு ஓடியதற்கும் இதற்கும் தொடர்பு இருக்க முடியுமா?

காலையில் ஏறும் சர்க்கரைக்கு ஓட்டத்துக்கு முன்பே ஒரு சிறிய ஊசி போட்டுக்கொள்ளலாமா, மணிக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து எடுக்க வேண்டும், வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுகளுக்குப் பதிலாக நம் ஊரில் கிடைப்பதில் எது உதவும் என்று பட்டறிவு உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். நான் காட்டும் மருத்துவர், "எதற்கு இந்த வம்பு, தினமும் அரை மணி நேரம் நடந்தால் போதாதா?" என்கிறார். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் எனக்கு ஓட வேண்டும்.

மூக்கனேரிக் கரை எழுதியது:

வணக்கம் தம்பி. எனக்கும் டைப் 1தான். உங்கள் வயதில் பாதிக்கும் மேற்பட்ட காலமாக இன்சுலின் போட்டுவருகிறேன், நெடுந்தூர ஓட்டமும் ஓடுகிறேன். உங்கள் கேள்வியில் உணவைப் பற்றி நிறைய இருக்கிறது, இன்சுலினைப் பற்றிக் குறைவாகவே இருக்கிறது. ஓட்டம் தொடங்கும் நேரத்தில் உடம்பில் எவ்வளவு இன்சுலின் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். எதை, எவ்வளவு தின்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான்கு மணிக்குப் போட்ட அஸ்பார்ட், ஒரு மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் வரை உச்சத்தில் இருக்கும். அதாவது, நீங்கள் ஓடத் தொடங்கிய ஐந்தேகாலிலிருந்து திரும்பும் வரைக்கும் அது முழு வீச்சில் வேலை செய்கிறது. தசைகள் ஓடும்போது இன்சுலின் துணை இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதோடு உச்சத்தில் இருக்கும் ஊசியும் சேர்ந்தால் ஒன்பதாவது வளைவுக்கு முன்பே 62 வருவதில் வியப்பில்லை. காலையில் அப்படி எதுவும் இல்லை. முந்தைய இரவு உணவுக்குப் போட்ட ஊசி தீர்ந்துபோய், கிளார்ஜின் மட்டும் மெல்லிய ஓட்டமாக இருக்கும். விடியற்காலையில் கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்கள் தாமாகவே சர்க்கரையை ஏற்றும் நேரமும் அதுதான். அடிவாரத்தில் தொடங்கியதுமே செங்குத்தாக ஏறுவதால் மூச்சு வாங்கி, அட்ரினலினும் சேர்ந்துகொள்கிறது. கல்லீரல் கொட்டும் சர்க்கரையைத் தசைகளால் அந்த வேகத்தில் எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

எனவே நீண்ட ஓட்டங்களைக் காலைக்கு மாற்றிவிடுங்கள். 195ஐக் கண்டு பதற்றப்பட வேண்டாம். இரண்டாவது மணி நேரத்தில் அது தானாகவே இறங்கும். அதற்கு முன்கூட்டியே ஊசி போட்டால், இறங்கும் நேரத்தில் ஊசியும் சேர்ந்து இழுத்துவிடும். எந்த நடமாட்டமும் இல்லாத ஒரு வளைவில் உட்கார்ந்து குளுக்கோஸ் மாத்திரையை மென்றுகொண்டிருப்பது எவ்வளவு தனிமையான வேலை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மாலையில் ஓடியே ஆக வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. ஊசி தேவைப்படும் சிற்றுண்டியை மதியம் இரண்டு மணிக்குள் முடித்துவிட்டு ஐந்தரைக்கு மேல் கிளம்புவது ஒன்று. நான்கு மணிக்கே சாப்பிட்டால், அதற்கான ஊசியைப் பாதிக்கும் கீழே குறைப்பது மற்றொன்று. எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் மருத்துவரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் ஒத்துழைக்காவிட்டால், உடற்பயிற்சியைப் பற்றிப் பேச விருப்பமுள்ள இன்னொரு நீரிழிவு மருத்துவரைத் தேடுவதில் தவறில்லை. தொடை தசை அதிகம் வேலை செய்யும் நாளில் தொடையில் ஊசி போடாதீர்கள், வயிற்றில் போடுங்கள். ஓடும் தொடையில் போட்ட இன்சுலின் விரைவாக இரத்தத்தில் கலந்துவிடும்.

காப்பித் தோட்டத்தார் எழுதியது:

நான் ஏற்காட்டில் இருப்பவன். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் அந்தப் பாதையில் ஓடுபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். என் நண்பர் ஒருவர் இன்சுலின் போடுபவர். கிளம்பும்போதே 250க்கு மேல் வைத்துக்கொண்டால் கவலையில்லை என்பார். சட்டைப்பையில் அச்சுவெல்லம் இரண்டு கட்டி வைத்திருப்பார். எளிய வழி இருக்கும்போது இத்தனை கணக்குகள் தேவையா என்று தோன்றுகிறது.

வழியில் குரங்குகள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டோ, வலைப்பையில் வெளியே தெரியும்படியோ ஓடினால் அது உங்களுக்கு மிஞ்சாது. காலையில் மூடுபனி இருக்கும் நாட்களில் காட்டெருமைகளும் சாலையோரம் நிற்கும். விடிந்த பிறகு கிளம்புவதே நல்லது.

கோரிமேட்டு மருத்துவர் எழுதியது:

நான் பொது மருத்துவர். டைப் 1 உள்ள சில விளையாட்டு வீரர்களைப் பார்த்துவருகிறேன். இங்கு நான் எழுதுவது பொதுவான வழிகாட்டுதல்தான். ஒருவருடைய ஊசியளவை அவரைப் பார்த்துப் பரிசோதிக்காமல் மாற்றச் சொல்ல முடியாது. எண்கள் அனைத்தும் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்.

நீரிழிவு இல்லாத ஒருவர் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் அவருடைய கணையம் இன்சுலின் சுரப்பைக் குறைத்துவிடும், சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் என்னும் ஹார்மோன் கூடும், கல்லீரல் தன் இருப்பிலிருந்து, தசைகள் செலவழிக்கும் அளவுக்கே சர்க்கரையை விடுவிக்கும். டைப் 1 உள்ளவருக்கு இன்சுலின் தோலுக்கடியிலிருந்து வருகிறது. போட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அந்த இன்சுலின் கல்லீரலின் கையைக் கட்டிவைக்கிறது. சில ஆண்டுகள் கடந்த டைப் 1இல், சர்க்கரை தாழும்போது குளுக்ககான் சுரக்கும் திறனும் பெரும்பாலும் போய்விடுகிறது. மூக்கனேரிக் கரை அவர்கள் இன்சுலினை முதலில் பாருங்கள் என்றது இதனால்தான், மிகச் சரி.

காப்பித் தோட்டத்தாரின் நண்பரைப் பற்றி ஒரு சொல். 250க்கு மேல் வேண்டுமென்றே ஏற்றிக்கொண்டு கிளம்புவது பாதுகாப்பு அல்ல. சிறுநீர் அதிகமாகப் போய் உடலில் நீர் வற்றும், ஓட்டமும் மந்தமாகும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த 250 ஏன் வந்தது என்று தெரியாமல் ஓடுவது. சாப்பிட்டதால் ஏறியது வேறு. இன்சுலின் பற்றாக்குறையால் ஏறியது வேறு. ஊசி விட்டுப்போனாலோ, வெயிலில் கெட்டுப்போன இன்சுலினைப் போட்டாலோ ஏறும் சர்க்கரையோடு கீட்டோனும் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு எரிந்து உண்டாகும் அமிலப் பொருள்) சேரும். அந்த நிலையில் ஓடினால் இரண்டுமே மேலும் கூடும். 2017ஆம் ஆண்டு லான்செட் குழுமத்தின் நீரிழிவு இதழில், மைக்கேல் ரிடெல் முதலிய பன்னாட்டு வல்லுநர்கள் வெளியிட்ட ஒருமித்த வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: 270ஐத் தாண்டினால் கீட்டோன் பார்க்க வேண்டும், இரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 1.5 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் ஓடவே கூடாது. அதற்குக் குறைவாக ஆனால் 0.6க்கு மேல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நீடித்த ஓட்டத்தைத் தொடங்க ஏற்ற அளவு 126 முதல் 180 வரை. 90க்குக் கீழே இருந்தால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 90ஐத் தாண்டும் வரை காத்திருக்க வேண்டும். 90க்கும் 124க்கும் இடையில் இருந்தால் 10 கிராம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். முந்தைய 24 மணி நேரத்துக்குள் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையாகத் தாழ்ந்திருந்தால் அன்று ஓட்டம் வேண்டாம். முதல்நாள் தாழ்ந்த சர்க்கரை, மறுநாள் உடல் காட்டும் எதிர்ப்பை மழுங்கடித்துவிடுகிறது.

இரவு இரண்டு மணி அலாரத்துக்கு வருகிறேன். தொடர்பு உண்டு. ஓட்டம் முடிந்த ஆறாவது மணி நேரத்திலிருந்து பதினைந்தாவது மணி நேரம் வரை, சில நேரங்களில் ஒரு முழு நாளுக்கும் மேலாக, தசைகள் தாம் இழந்த கிளைக்கோஜனை (சேமித்துவைக்கும் சர்க்கரையை) நிரப்பிக்கொண்டே இருக்கும்; இன்சுலின் வழக்கத்தைவிடக் கூர்மையாக வேலை செய்யும். ஆகவே நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு வரும் முதல் சாப்பாட்டுக்கான ஊசியைப் பாதியளவு குறைப்பதும், அன்றிரவு கிளார்ஜினில் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதும் வழக்கமான பரிந்துரைகள். உங்கள் 18 யூனிட்டுக்கு அது ஏறத்தாழ 14 யூனிட் என்று வரும். ஆனால் உங்கள் மருத்துவரோடு பேசிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். டெக்ளுடெக் என்னும் மிக நீண்டநேர இன்சுலின் போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது 42 மணி நேரத்துக்கும் மேல் நீடிப்பதால், ஓரிரவு குறைத்ததன் பலன் அந்த இரவிலேயே தெரியாது. அலாரம் எழுப்பும்போது அந்தக் கையின்மேல் படுத்திருந்தீர்களா என்றும் பாருங்கள்; அழுந்திய சென்சார் இல்லாத தாழ்வைக் காட்டும். விரல் நுனியில் ஒருமுறை சோதித்த பிறகு இனிப்பை எடுங்கள்.

ஓட்டத்திலும் சென்சாரை அளவோடுதான் நம்ப வேண்டும். அது அளப்பது இரத்தத்தை அல்ல, திசுநீரை. ஓய்வில் ஐந்து, பத்து நிமிடம் பின்தங்கும் அது, ஓட்டத்தில் சர்க்கரை வேகமாக இறங்கும்போது பதினைந்து, இருபது நிமிடம்கூடப் பின்தங்கும். திரையில் 100 என்றிருந்து அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தால், உண்மையில் 75 ஆக இருக்கலாம். எண்ணைவிட அம்புக்குறியை மதியுங்கள். வியர்வை, படபடப்பு, நடுக்கம் ஆகிய தாழ்வின் அடையாளங்கள் ஓடுபவருக்கு இயல்பாகவே இருப்பவை என்பதால் அவற்றை நம்ப முடியாது.

மலையேற்றத்துக்கு முன்பு கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், பாத உணர்ச்சி, இரத்த அழுத்தம், இதயம் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். விழித்திரையில் புதிய இரத்தக்குழாய்கள் வளர்ந்திருந்தால் முதலில் அதற்குத்தான் சிகிச்சை.

கொண்டலாம்பட்டித் தறிக்காரர் எழுதியது:

ஐயா, காலையில் வெறும் வயிற்றில் ஓடுவது பாதுகாப்பு என்று இங்கு எழுதியதைப் படித்துவிட்டு, அரசு மருத்துவமனையில் இன்சுலின் வாங்குபவர்களும் அப்படியே செய்துவிடக் கூடாதே என்பதற்காக இதை எழுதுகிறேன். என்னைப் போன்ற பலருக்குக் கிடைப்பது கிளார்ஜினும் அஸ்பார்ட்டும் அல்ல. வெள்ளையாகக் கலங்கியிருக்கும் என்.பி.எச். என்னும் நடுத்தரநேர இன்சுலின், தெளிந்த ரெகுலர் என்னும் குறுகியநேர இன்சுலின், அல்லது இரண்டும் கலந்த முப்பது-எழுபது. இரவில் போடும் என்.பி.எச். நான்கு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரம் வரை உச்சத்தில் இருக்கும். ஒன்பது மணிக்குப் போட்டால் விடியற்காலை ஐந்து மணி அந்த உச்சத்தின் நடுவில்தான் வருகிறது. வெறும் வயிற்றில் ஓடினால் தலைகீழாகத் தாழும். ரெகுலரும் அப்படியே, சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்பு போட்டது ஆறேழு மணி நேரம் வரை உடலில் இருக்கும்.

தறி ஓட்டும் வேலைக்கு நடுவே ஓட எனக்குக் கிடைக்கும் நேரம் காலை மட்டும்தான். அதனால் என்.பி.எச். போட்ட மறுநாள் காலையில், கிளம்புவதற்கு முன்பு சோதித்துவிட்டு, இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் கஞ்சியோ ஊசி போடாமல் சாப்பிட்டுவிட்டு ஓடுகிறேன். அரை மணிக்கு ஒருமுறை குளுக்கோஸ் மாத்திரையும் உண்டு. சென்சார் வாங்க வசதியில்லை. விரலில் சோதிக்கும் ஒவ்வொரு ஸ்ட்ரிப்பையும் கணக்குப் பார்த்துத்தான் செலவிடுகிறேன், ஆனால் ஓட்டத்துக்கு முன்பும், நடுவிலும், படுக்கும் முன்பும் சோதிப்பதை மட்டும் மிச்சப்படுத்துவதில்லை.

விரலில் சோதிப்பதைப் பற்றி ஒரு செய்தி. ஓடிக்கொண்டே வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு அப்படியே விரலைக் குத்தினால் 280 காட்டும். பழச்சாறு விரலில் ஒட்டியிருப்பதால் வரும் எண் அது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டில் பார்த்தால் 110தான் இருக்கும். 280ஐ நம்பி ஊசி போட்டவர் கதி என்ன ஆகும்!

குப்பியில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாக் குப்பியில் வருவது 100 யூனிட். 40க்கான சிவப்பு மூடிச் சிரிஞ்சையும் 100க்கான ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சையும் மாற்றிப் போட்டால், நீங்கள் குறைத்த இருபது சதவீதக் கணக்கெல்லாம் பாழாகிவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில், குளிர்பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் இன்சுலினை வைக்கலாம்.

கோரிமேட்டு மருத்துவர் எழுதியது:

தறிக்காரர் சொன்னது முக்கியமான திருத்தம். நானே அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். காலை வெறும் வயிற்று ஓட்டம் பற்றிய அறிவுரை, உச்சம் இல்லாத நீண்டநேர இன்சுலின் போடுபவர்களுக்கு மட்டுமே பொருந்தும். என்.பி.எச்., கலப்பு இன்சுலின் போடுபவர்கள் ஊசியளவையும் ஓட்ட நேரத்தையும் மருத்துவரோடு சேர்ந்து வகுத்துக்கொள்ளுங்கள்.

அடிவாரத்து ஓட்டக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இனிமேல் நீண்ட ஓட்டங்கள் காலையில் மட்டும்தான்; மாலையில் அஸ்பார்ட் போட்டுவிட்டு மலைக்குப் போவதை விட்டுவிடுகிறேன். உணவைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் இன்னும் விரிவாகப் பதில் கிடைக்கவில்லை. அத்தோடு, பத்தாவது வளைவில் தாழ்ந்தால் நான் என்ன செய்ய வேண்டும், என்னுடன் வருபவர் என்ன செய்ய வேண்டும்? முழு ஏற்றத்தையும் முடித்த பிறகு இறங்குவதும் ஓட்டமாகவே இருக்கலாமா, அல்லது பேருந்தில் வந்துவிடுவதா?

மூக்கனேரிக் கரை எழுதியது:

உணவில் தொடங்குகிறேன். ஊசியின் உச்சம் இல்லாத காலை ஓட்டத்தில், உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.3 முதல் 0.5 கிராம் மாவுச்சத்து போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 18 முதல் 30 கிராம். சாப்பாட்டு ஊசி உச்சத்தில் இருக்கும்போது ஓடினால் அதுவே கிலோவுக்கு 1 கிராமையும் தாண்டும். வயிறு அதைத் தாங்காது என்பதால்தான் இன்சுலினைக் குறைப்பது நல்ல வழியாகிறது. ஓட்டம் இரண்டு மணி நேரத்தைக் கடந்தால், சர்க்கரைக்காக மட்டுமல்லாமல் கால்களுக்காகவும் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை தேவைப்படும். அதை ஒரேயடியாகத் தின்னாமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிரித்து எடுங்கள். 90க்கு இறங்கிய பிறகு தின்னத் தொடங்காமல், 140இல் அம்புக்குறி கீழே திரும்பும்போதே எடுக்க வேண்டும்.

ஏலக்கி வாழைப்பழம் ஒன்றில் பன்னிரண்டு, பதினைந்து கிராம் இருக்கும். குரங்குகளுக்காக, கிளம்பும் இடத்திலேயே தின்றுவிடுங்கள். சிறிய பேரீச்சம்பழம் ஒன்றில் ஐந்தாறு கிராம். சேலத்துக்காரர்களுக்கு வாய்த்த ஒன்று ஜவ்வரிசி: அதில் ஏறத்தாழ முழுவதும் மாவுச்சத்துதான்; நார்ச்சத்தும் புரதமும் இல்லாததால் விரைவில் செரிக்கும். முப்பது கிராம் ஜவ்வரிசியைக் கண்ணாடிபோல் ஆகும் வரை வேகவைத்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டுப் பிழிபையில் ஊற்றினால் 26 கிராம் மாவுச்சத்து கிடைக்கும். கடையில் விற்கும் ஜெல்லுக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததல்ல, விலையும் சில ரூபாய்தான். கடலை மிட்டாய் ஓட்டம் முடிந்த பிறகு நல்லது. ஓட்டத்தின் நடுவே அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும்.

சர்க்கரை தாழ்ந்துவிட்டபோது இவை எதுவும் வேண்டாம். குளுக்கோஸ் மட்டும்தான். அச்சுவெல்லம் பெரும்பாலும் சுக்ரோஸ். பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸாகப் பிரிந்த பிறகுதான் பலன் தரும், அதுவும் கடித்து மெல்லுவதற்குள் நேரம் போய்விடும். சாக்லேட்டும் வேண்டாம். 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரைகள் நான்கை மென்றுவிட்டு, நின்று, பதினைந்து நிமிடம் கழித்து விரலில் பாருங்கள். 70ஐத் தாண்டாவிட்டால் மீண்டும் நான்கு. 54க்குக் கீழே போயிருந்தால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. எட்டிவிடும் தூரத்தில் ஏரி இருந்தாலும் சரி. ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்டை நம்பி வருபவர்களும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. ஒரு டம்ளர் குடித்தால் மூன்று கிராம்கூட வராது. உப்புக்கு அது நல்லது, தாழ்வுக்குப் பயனில்லை.

வேகமாக ஓடினால் சர்க்கரை ஏறும் என்று யாராவது சொல்வார்கள். 2006இல் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், மிதமான பயிற்சியின் முடிவில் பத்து வினாடி முழு வேகத்தில் ஓடினால் அதன்பின் வரும் இறக்கம் சிறிது நேரம் தடைப்படுவதைக் காட்டினார்கள். காந்தி விளையாட்டரங்கில் பயிற்சியை முடிக்கும்போது நான் அதைச் செய்வதுண்டு. ஆனால் தாழ்ந்துவிட்ட பிறகு செய்யும் சிகிச்சை அல்ல அது.

கூட வருபவர் அவசியம். அவருக்கு மூன்றே செய்திகள் தெரிந்தால் போதும். நீங்கள் உளறினாலோ, கேட்ட கேள்விக்குக் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, வளைவின் எண்ணைத் தப்பாகச் சொன்னாலோ, சர்க்கரை எவ்வளவு என்று வாதாடாமல் குளுக்கோஸை வாயில் திணிக்க வேண்டும். நீங்கள் நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையில் இருந்தால் குளுக்ககான் ஊசியைத் தசையில் போட்டு, 108ஐ அழைக்க வேண்டும். நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு கல்லீரலின் இருப்பு வற்றியிருப்பதால் குளுக்ககான் சரியாக வேலை செய்யாமலும் போகலாம். அதனால் 108ஐ அழைக்கத் தாமதிக்க வேண்டாம். சில வளைவுகளில் சிக்னல் கிடைக்காது என்பதால், எங்கெங்கே கிடைக்கிறது என்பதைப் பயிற்சியின்போதே அவரும் பார்த்துவைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக இறக்கம். முதல் முறை பேருந்தில்தான் இறங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மலையிறக்கத்தில் ஓடினால் மூச்சு வாங்காது. ஏறும்போது அட்ரினலின் தாங்கிப்பிடித்த சர்க்கரைக்கு இப்போது எந்தத் தாங்கலும் இல்லை. தொடைத் தசைகளும் இறக்கத்தில்தான் அதிகம் கிழிபடும். ஏரிக்கரையை அடைந்ததும் நனைந்த பனியனை மாற்றுங்கள். மேலே டிசம்பர் குளிரில் விரல் விறைத்து, குத்தினால் இரத்தமே வராது, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்க வேண்டியிருக்கும். சோதித்துவிட்டுக் காலைச் சாப்பாட்டைப் பாதி ஊசியோடு சாப்பிடுங்கள். நான்கு இட்லி சாப்பிட்டு, களைப்போடு சன்னலோர இருக்கையில் சாய்ந்தால், முதல் வளைவு தாண்டுவதற்குள் கண் சொக்கிவிடும். அந்தப் பாதி ஊசியின் உச்சமும் சரியாக அந்த நேரத்தில்தான் வரும். எனவே சென்சாரின் தாழ்வு அலாரத்தை 100க்கு ஏற்றி, கைப்பேசியை அதிர்வில் விடாமல் சத்தத்தில் வைத்து, குளுக்கோஸ் மாத்திரைப் பையை மேலே பொருள் வைக்கும் தட்டில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு இறங்குங்கள்.